மச்சான் வரைந்த இரண்டாவது தோணி

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அச்சாகி வந்த புதிதில் அந்தப் படக்கதைப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்திருந்தாள். விடிந்ததும் அம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் வந்த பிள்ளை. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. அந்த வெளுத்த கட்டைவிரல் சரியாக என் எழுத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முக்கால்வாசிக்கு மேல் படம். அடியில் பட்டையாக ஒரு சின்னக் கட்டம். சனிக்கிழமை தவறாமல் பொன்னேரியில் ரயிலேறி, மெட்ராஸ் நூலகத்தில் உட்கார்ந்து நான் சேர்த்த பழவேற்காட்டு வரலாறு முழுவதும் அந்தக் கட்டங்களுக்குள்தான் இரண்டிரண்டு வரியாக ஒடுங்கிக் கிடந்தது. "வெரல எடும்மா, கீழ இன்னா எழுதியிருக்குனு படி" என்றேன். எடுத்தாள், பார்த்தாள், பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்திலும் விரல் அதே இடத்துக்குப் போய்விட்டது. "படம் ஷோக்கா கீது சார். உங்க மச்சான் போட்டதாமே?" என்று கேட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் உருகுகிறார்கள். என் மச்சானும் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. நானும் உருகத்தான் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. அவன் முகத்தை நினைத்தால் முதலில் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது.

மச்சான் என்றால் என் தாய்மாமன் மகன். பிறகு அவன் தங்கையையே நான் கட்டிக்கொண்டதால் இரண்டு வழியிலும் மச்சான். ஒரே குப்பம், ஒரே தெரு, எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதற்குமேல் அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதும் இல்லை. பொன்னேரியில் ஒரு பெயின்டரிடம் சேர்ந்து கடைப் பலகை எழுதினான், சினிமாக் கொட்டகைக்குத் தட்டி வரைந்தான், ஏரிக்கரைக் குப்பங்களுக்கெல்லாம் போய்த் தோணிகளுக்கு வர்ணம் அடித்தான். நான் பி.ஏ. வரலாறு முடித்து, பி.எட். முடித்து, ஊருக்குப் பக்கத்திலேயே நடுநிலைப் பள்ளியில் வாத்தியாராக வந்து உட்கார்ந்தேன். எங்கள் குப்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். ஆனால் என் நைனாவே, "எம்புள்ள வாத்தியாருப்பா" என்று யாரிடமாவது ஆரம்பித்தால், மூச்சு வாங்குவதற்குள், "எம் மச்சினன் புள்ள நம்ம தோணி மூக்குல ரெண்டு கண்ணு போட்டிருக்கான் பாரு, உன்னையே மொறைக்கும்" என்று தாவிவிடுவார். கேட்கிறவன் என்னை விட்டுவிட்டுத் தோணியைப் பார்க்கப் போய்விடுவான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தேடி வந்தார். பிள்ளைகளுக்குப் புத்தகம் போடும் சின்ன அச்சகம் ஒன்றின் பதிப்பாசிரியர். மந்திரவாதியும் ராட்சசனும் இல்லாமல், நடந்த வரலாற்றையே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டம் கட்டமாகப் படக்கதையில் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. கோட்டை இருந்த மேட்டையும் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் கல்லறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர், "இந்த ஏரியைப் பத்தி ஒரு புஸ்தகம் எழுதிக் கொடுங்க சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் நான் வரலாறு சொன்னால் பாதிப் பிள்ளைகள் தூங்கும். மீதிப் பாதி ஜன்னல் வழியே எந்தத் தோணி கரைக்கு வருகிறது என்று பார்க்கும். இனி என் எழுத்தை மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் படிக்கப்போகிறார்கள்! சரி என்று சொன்ன கையோடு அவர் கேட்டார்: "படத்துக்குத்தான் யோசனையா இருக்கு. மெட்ராஸ் ஓவியருங்க தோணியக் கிட்ட இருந்து பார்த்ததில்ல. உங்க ஊர்ல யாராவது உண்டா?" வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "எம் மச்சான் ஒருத்தன் இருக்கான் சார்" என்று நானேதான் சொன்னேன்.

படக்கதை வேலை எப்படி நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முழு ஃபுல்ஸ்கேப் தாள் எழுதினேன். துணி வியாபாரத்துக்காக ஒல்லாந்தர் வந்தது, நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்தது, கப்பல் ஏரிக்குள் வரமுடியாமல் வெளியே நங்கூரம் போட்டது, சரக்கு தோணிகளில் ஏறி இறங்கியது, அந்தத் தோணிகளைத் தள்ளியவர்கள் எங்கள் முப்பாட்டன்மார் என்பது. எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனால் பதிப்பாசிரியர் சிவப்பு பென்சிலை எடுத்தார். "சார், கட்டத்துக்கு ரெண்டு வரிதான். பத்து வயசுப் புள்ள படிக்கணும்." நான் சுருக்கினேன். இன்னும் சுருக்கச் சொன்னார். படகுக்காரன் பேசுவதாக பலூனில் ஒரு வார்த்தை, வியாபாரி பதில் சொல்வதாக இன்னொரு வார்த்தை. மச்சானுக்கு மட்டும், "நல்லா விரிச்சிப் போடுங்க, நடுப்பக்கம் ரெண்டையும் சேர்த்துக் கலர்ல எடுத்துக்கங்க" என்றார். என் பக்கம் சுருங்கச் சுருங்க அவன் பக்கம் ஏரி மாதிரி பரந்தது.

கடைசியாக ஒரு வரிக்காக அவரோடு மன்றாடினேன். ஏரியில் வலை கட்டும் இடங்களைக் குப்பங்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டதைப் பற்றிய கட்டம் அது. அதன் அடியில், 'ஆனால் எந்தக் குப்பம் முதலில் வந்தது என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை எழுத எத்தனை சனிக்கிழமை தேடியிருப்பேன்! கிடைத்ததை எழுதுவது யாருக்கும் வரும். கிடைக்கவில்லை என்று உறுதியாக எழுதுவதற்குத்தான் முழுக்கத் தேடியிருக்கவேண்டும். பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிள்ளைங்ககிட்டப் போய்த் தெரியாதுன்னு ஏன் சார் சொல்லணும்? படத்துக்கும் இடம் இடிக்குது" என்று சிவப்பு பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான், போய்விட்டது.

அட்டை வேறு ஒரு கூத்து. கடைப் பலகை எழுதுகிறவன் அல்லவா, அட்டை எழுத்தையும் மச்சானே எழுதிக்கொடுத்தான். 'ஓவியம்' என்று போட்டுத் தன் பேரைச் சிவப்பில், பக்கவாட்டில் நிழல் விழ, பொன்னேரி ஜவுளிக்கடைப் பலகை போல எழுதியிருந்தான். என் பேர் கீழ் மூலையில், வீட்டுக் கதவெண் அளவுக்கு இருந்தது. "இன்னாடா மச்சான் இது?" என்று கேட்டேன். காதில் செருகியிருந்த பிரஷை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "எடம் பத்தல மச்சான். ஒம் பேரு நீளம்" என்றான். என் பேர் அவன் பேரைவிட ஒரே ஒரு எழுத்துதான் கூட. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினால், அவள் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து, "எங்க அண்ணன் எழுத்து எவ்ளோ அழகா கீது மாமா!" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டுப் புத்தகம் வந்தது. எங்கள் குப்பத்துப் பிள்ளைகளும் நீர்வழிக்கு அந்தப்பக்கம் இருந்த அக்கரைக் குப்பத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்த பள்ளி அது. ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மச்சான் பஸ்ஸை விட்டு இறங்கினால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். "மாமா, என்னய வரைங்க மாமா" என்று அவன் பேன்ட்டைப் பிடித்துத் தொங்கினார்கள். அவனும் சளைக்காமல் ஒருத்தி பின்னலையும் ஒருத்தன் பல்லையும் கரிக்கட்டியால் சுவரில் வரைந்து காட்டுவான். வகுப்புக்குள் நுழைந்து, "புத்தகத்தில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று நான் நிற்பேன். ஒருவனும் கேட்கமாட்டான். ஒரே ஒரு தடவை ஒரு பையன் கையைத் தூக்கினான். கப்பலுக்குப் பச்சை எப்படிச் சார் கலக்கினார் மாமா என்று கேட்டான். உட்காருடா என்றேன்.

இப்போது பாடு பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அதன்பின் நடந்தது புரியாது. எங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. கடல் தண்ணீர் உள்ளே வரும் முகத்துவாரத்தை ஒட்டிக் கழி நட்டு வலை கட்டினால்தான் வீட்டில் நல்ல சோறு. எல்லோரும் ஒரே நாளில் அங்கே போனால் மண்டை உடையும். அதனால் இன்று ஒரு ஊர், நாளை மறு ஊர் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிச் சீட்டுப் போட்டு, முதல் பாடு யாருக்கு என்று எடுப்பார்கள். பாடு இடத்தில் நிற்பது எந்த ஊர்த் தோணி என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பட்டை நிறம் உண்டு. எங்கள் தோணிகளுக்குச் சிவப்பு. அக்கரைக் குப்பத்துக்கு மஞ்சள். இரண்டு ஊருக்கும் அந்தப் பட்டையை அடித்துக் கொடுத்தவன் மச்சான்தான்.

நடுப்பக்கத்துக் கலர்ப் படத்தில் முகத்துவாரத்துக்கு வெளியே ஒல்லாந்தர் கப்பல் நிற்கிறது. உள்ளே, அதே பாடு இடத்தில், கழி நட்டு வலை கட்டிக்கொண்டு ஒரு தோணி. அந்தத் தோணியின் பக்கவாட்டில் பளிச்சென்று சிவப்புப் பட்டை! தினமும் அடிக்கிற கை, பழக்கத்தில் அடித்துவிட்டது. ஒல்லாந்தர் காலத்தில் ஏது எனாமல் பெயின்ட், ஏது பட்டை? அச்சாகும்வரை பதிப்பாசிரியருக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்ததால் நானும் உற்றுப் பார்க்கவில்லை. கண்டுபிடித்தது எங்கள் குப்பத்துப் பிள்ளைகள். "அய், நம்மூரு தோணி!" என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். அப்பன்மார்கள் பார்த்தார்கள், அவர்களுடைய அப்பன்மார்கள் பார்த்தார்கள். படக்கதை என்றோ பிள்ளைகள் புத்தகம் என்றோ யாரும் நினைக்கவில்லை. அச்சடித்தது, மெட்ராஸில் அச்சடித்தது. பத்திரம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வருடம் சீட்டுப் போடும் நேரம் வந்ததும் எங்கள் ஊர்ப் பெரியவர், "சீட்டு எதுக்கு? ஒல்லாந்தர் காலத்துலயே அந்த எடம் நம்மள்து. பொஸ்தகத்துலயே போட்டுட்டான். மொதப் பாடு எப்பவும் எங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அக்கரைக் குப்பத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா? "வாத்தியான் அவுங்க ஊரு, படம் போட்டவன் அவுங்க ஊரு, வேற இன்னா வரும்?" என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. வாடைக் காற்று விழுந்து இறால் உள்ளே வரும் பருவம். இரண்டு ஊரும் ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டு வலையைக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தன. ஒருநாள் அரிவாள் வரைக்கும் போய்த் திரும்பியது.

கடைசியில் பழவேற்காட்டு டவுனில் இருந்த பாய்தான் இரண்டு ஊரையும் கூப்பிட்டார். கப்பல் கப்பலாகத் துணி அனுப்பிய பழைய வியாபாரக் குடும்பம் அவருடையது. அந்தக் காலத்தில் இரண்டு ஊரிலும் இறால் வாங்கி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். "நா ரெண்டு ஊருக்கும் பொதுவானவன். எறா வரலேன்னா எம் பொட்டியில ஐஸ்தான் கரையுது. எங் கொட்டாயில ஒக்காந்து பேசி முடிங்கப்பா" என்றார். எனக்கும் ஆள் அனுப்பினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று காலை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரே வெட்டிக்கொள்ளப் பார்க்கிறது, எனக்கு உள்ளே நாதஸ்வரம்! படம் செய்த வினையை எழுத்து தீர்க்கப்போகிறது. வெட்டிப்போட்ட அந்த ஒரு வரி இன்று இரண்டு ஊர் முன்னால் எழுந்து நிற்கப்போகிறது. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தட்டச்சுப் பிரதியை உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் பொன்னேரியிலிருந்து வரவேண்டும், இன்னும் வந்திருக்கவில்லை. வராமலே போகட்டும் என்று நினைத்தேன்.

எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தேன். "எந்தக் குப்பம் முதலில் வந்தது என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை." கொட்டகையில் எல்லோரும் என் கையிலிருந்த தாளையே பார்த்தார்கள். மேலே ஏதாவது படிப்பேன் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது. பிறகு அக்கரைக் குப்பத்துப் பெரியவர் கேட்டார்: "இன்னா வாத்தியாரே, இத்தினி தபா மெட்ராஸ் போய் வந்தது தெரியாதுனு சொல்றதுக்கா?" கொட்டகை சிரித்தது. எங்கள் ஊர்ப் பெரியவராவது காப்பாற்றுவார் என்று திரும்பினால் அவர் என்மேல் பாய்ந்தார்: "அச்சுல இல்லாதத நீ ஏன்டா இஸ்துகினு வர்ற? அச்சுல கீறதுதான் பேச்சு." பதிப்பாசிரியர் வெட்டிவிட்டார், இடம் பற்றவில்லை என்று வெட்டிவிட்டார் என்று நான் கத்தினேன். "எல்லாரும் இதான் சொல்வாங்க" என்றார் ஒருவர். பிறகு இரண்டு ஊரும் முதல் தடவையாக ஒரே குரலில் பேசின: "வாத்தியாரே, நீ ஒக்காரு. படம் போட்டவர் எங்க? அவரக் கூப்புடுங்க."

உட்கார்ந்தேன். திட்டுவதற்குக்கூட அவனைத்தான் தேடுகிறார்கள் பாருங்கள்!

மச்சான் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். அன்று யாருடைய தோணிக்கோ வேலை ஒப்புக்கொண்டிருந்தான் போல, ஒயர் கூடையில் எனாமல் டப்பாக்கள் இருந்தன. இப்போது மாட்டினாய் மகனே என்று என் மனசு குதித்தது. கை தவறிவிட்டது என்று சொன்னால் எங்கள் ஊர் அவனைத் தின்றுவிடும். சரியாகத்தான் வரைந்தேன் என்று சொன்னால் அக்கரைக் குப்பம் தின்றுவிடும். பாய் நடுப்பக்கத்தை விரித்து அவன் முன்னால் வைத்தார். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படத்தைப் பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான். "அடப்பாவிங்களா! இன்னொரு தோணி எங்க?" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. "நா ரெண்டு தோணி போட்டுக் குடுத்தேன். பக்கத்துல பக்கத்துல. எடம் பத்தலனு அச்சாபீஸ்ல ஒண்ண வெட்டிட்டான் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே கூடைக்குள் கையை விட்டு மஞ்சள் டப்பாவை எடுத்தான். சிவப்புப் பட்டைத் தோணிக்குப் பக்கத்தில், நான் பார்க்கப் பார்க்க, பிரஷ் நுனியால் இன்னொரு தோணி எழுந்தது. அதில் கழி பிடித்த இரண்டு ஆட்கள். பக்கவாட்டில் மஞ்சள் பட்டை. அக்கரைக் குப்பத்துப் பெரியவர் குனிந்து பார்த்தார். எங்கள் பெரியவரும் குனிந்தார். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொள்ளாத குறை. "அப்ப ரெண்டு ஊரும் ஒண்ணாத்தான் நின்னிருக்குது" என்றார் ஒருவர். "ஒல்லாந்தர் காலத்துலேர்ந்தே" என்றார் மற்றவர். பாய் அப்போதே சீட்டு எழுதக் காகிதம் எடுத்து வந்துவிட்டார்.

வெட்டப்பட்டது என் வரி. அவன் தோணியை யாரும் வெட்டவில்லை. அப்படி ஒரு தோணி இருக்கவே இல்லை. நெஞ்சில் கையை வைத்து உண்மையைச் சொன்ன என்னைப் பார்த்துச் சிரித்த கூட்டம், என் குறையையே எடுத்துத் தன் குறையாக்கிப் புளுகியவனை அப்படியே நம்பியது. அன்று மாலைவரை கொட்டகை வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இரண்டு குப்பத்துப் பிரதிகளும் வந்தன. ஒவ்வொன்றிலும் மச்சான் மஞ்சள் பட்டைத் தோணியைப் போட்டுக்கொடுத்தான். பெரியவர்கள் அவனுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு சோடா வந்தது, மச்சான் சொல்லி வந்தது. குடித்தேன். கசந்தது.

திரும்பி நடக்கும்போது என்னால் அடக்கமுடியவில்லை. "அது பொய்யிடா" என்றேன்.

"எது பொய்யி?"

"ரெண்டு தோணி நின்னுச்சினு யாருடா ஒனக்குச் சொன்னா?"

"நிக்கலனு ஒனக்கு யாரு மச்சான் சொன்னா? நீயே எழுதியிருக்கியே, யாரு மொதல்ல வந்தானு தெரியலனு. தெரியலன்னா ரெண்டு பேரையும் போட்டுட வேண்டியதுதானே?"

நான் நின்றுவிட்டேன். அந்த வரி புத்தகத்தில் இல்லை. அன்று காலை நான் அதைப் படித்தபோது அவன் கொட்டகையில் இல்லை. "நீ அத எங்கடா பாத்த?" என்று கேட்டேன். "இன்னா மச்சான் இப்டிக் கேக்குற? நீ டைப் அடிச்ச கட்டுக்கு அச்சாபீஸ்ல குடுத்த கார்பன் காப்பி மொத்தமும் எங்கிட்டத்தானே கீது. படிக்காம எப்டி வரையுறது? நாலு தபா படிச்சேன். நெசவுக்காரன் முன்பணம் வாங்கிட்டு மாட்டிக்கினு முழிக்கிறான் பாரு, அந்த எடத்துல எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி" என்றான். சொல்லிவிட்டு ஒயர் கூடையை ஆட்டிக்கொண்டு, எதுவும் நடக்காதவன் மாதிரி முன்னால் நடந்தான். மாநிலம் முழுக்கப் படிக்கும் என்று நான் எழுதியதை முழுசாகப் படித்தது ஒரே ஒரு ஆள், அதுவும் இவன். அதற்காகவாவது அவனை மன்னித்திருக்கலாம். முடியவில்லை. படித்ததிலும் அவனே முந்திக்கொண்டான் என்றுதான் அன்று தோன்றியது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள். மச்சான் தன் பாட்டுக்குத் தோணிக்குப் பட்டை அடித்துக்கொண்டும் பிள்ளைகளைச் சுவரில் வரைந்துகொண்டும் வாழ்ந்து முடித்தான். அவன் இறந்தபோது இரண்டு குப்பத்துத் தோணிகளும் அன்று ஏரிக்குப் போகவில்லை. தூக்கிக்கொண்டு போனவர்களில் அக்கரைக் குப்பத்துக்காரர்களும் இருந்தார்கள். என் மனைவி கதறிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் போகும்போது யார் வருவார்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். இதெல்லாம் எழுதக்கூடாதுதான். ஆனால் பட்டதைத்தானே எழுதமுடியும்.

மச்சான் திருத்திய நடுப்பக்கம் ஒன்றைப் பாய் அன்றே கண்ணாடி போட்டுத் தன் கொட்டகையில் மாட்டியிருந்தார். இப்போது அவர் மகன் கடையில் மாட்டியிருக்கிறது. வருடா வருடம் சீட்டுப் போடும் நாளில் அதன் கீழேதான் இரண்டு ஊரும் உட்காருகின்றன. எந்தச் சச்சரவு வந்தாலும் யாராவது ஒருவர் கையை நீட்டி அந்த இரண்டு தோணிகளைக் காட்டுவார். சச்சரவு முன்பைவிட இப்போது அதிகம். முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துகொண்டே வருகிறது, இறால் குறைந்துவிட்டது, இளவட்டங்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது.

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாளாம், பாடு முறையைப் பற்றிப் புத்தகமே வரப்போகிறதாம். கையில், குப்பத்தில் யாரிடமோ வாங்கிய எங்கள் படக்கதையின் பழைய பிரதி ஒன்று. "இதை எழுதினது நீங்கதானே சார்?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி! நாற்காலியை இழுத்துப் போட்டேன், மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். அவள் நடுப்பக்கத்தை விரித்தாள். "ஒல்லாந்தர் காலத்துலேர்ந்தே ரெண்டு ஊரும் சேர்ந்துதான் வலை கட்டியிருக்காங்கன்னு எல்லாரும் இந்தப் படத்தைக் காட்டுறாங்க. இந்த ரெண்டாவது தோணி மட்டும் வேற மாதிரித் தெரியுது, கையால வரைஞ்ச மாதிரி. எனக்கு உறுதியா சொல்ல ஒருத்தர் வேணும். நீங்க வரலாற்று ஆசிரியர். இது உண்மையா சார்?"

உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் அரிவாள்மணைச் சத்தம் நின்றுவிட்டது. அது எனாமல் பெயின்ட், என் மச்சான் அடித்த புளுகு, உண்மையான வரியை நான் எழுதியிருந்தேன், வெட்டிவிட்டார்கள், இதோ எனக்கு மனப்பாடமாக இருக்கிறது: எல்லாம் வாய்க்குள் வந்து வரிசையாக நின்றது. கேட்டுக்கொள்ள ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறது, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. சொன்னால் அச்சில் வரும். அச்சில் வந்தால் இந்த ஊரில் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அடுத்த மாதம் சீட்டு.

"உண்மைதாம்மா" என்றேன். "ஒல்லாந்தர் காலத்துலேர்ந்தே ரெண்டு தோணிதான் நின்னுது."

"ரொம்ப நன்றி சார். உங்க பேரையே ஆதாரமா போட்டுடறேன்" என்று அவள் எழுதிக்கொண்டாள். பாவி, செத்த பிறகும் என் வாயாலேயே பேசிவிட்டான். நான் ஆசைப்பட்டபடியே என் பேர் அச்சில் ஏறப்போகிறது, அவனுடைய பொய்த் தோணிக்குச் சாட்சியாக.